கிரீன் லாட்சில் இருமியவர்

1 ஜூலை 2012, ஞாயிறு

மாலை நான்கு மணிக்கு வழக்கம்போல் கஸ்பார் மோத்தா வீட்டு மாடி. இரண்டு இசைத்தட்டு கேட்டோம். மொத்தம் ஒன்பது நிமிடம் பேசினோம். இந்த வாரம் நான் பேசியதில் பெரும்பகுதி அதுதான்.

ஒன்பது நிமிடத்துக்குக் காரணம் எங்கள் சங்கத்தின் ஒரே விதி. பின்னால் யாராவது இந்த நாட்குறிப்பை ஒப்புநோக்கினால் உதவும் என்று எழுதிவைக்கிறேன். ஒப்புநோக்க யாரும் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் பத்திர நகலை மூலத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டவனுக்கு இது பழக்கம்.

விதி இது: பாட்டு ஓடும்போது பேசக் கூடாது. பாஸ் தனியாக வாசிக்கும்போது மட்டும் பேசலாம். பாஸ் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின். அமெரிக்காவின் சின்னச் சின்ன ஜாஸ் கிளப்புகளில் பாஸ்காரன் தனியாக வாசிக்கத் தொடங்கியதும்தான் எல்லோரும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுவார்களாம். அவர்களுக்குச் சரியென்றால் தூத்துக்குடிக்கும் சரி என்று கஸ்பார் 1986-ல் ஏற்படுத்தினார். ஆகவே எங்கள் நட்பு இருபத்தாறு வருடமாக ஒன்றரை நிமிடத் துண்டுகளில் நடந்துவருகிறது. ஒன்றரை நிமிடத்தில் அடங்காத எதையும் நாங்கள் ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. அதை ஒரு குறையாக நான் உணர்ந்ததில்லை.

ஆரம்பத்தில் ஐந்து பேர் இருந்தோம். பல் டாக்டர் இறந்துவிட்டார். சுங்க இலாகாக்காரர் மகனோடு கனடா போய்விட்டார். உப்பள முதலாளிக்கு ரத்த அழுத்தம். டாக்டர் சொன்னதன் பேரில் பக்திப் பாடலுக்கு மாறிவிட்டார். மிச்சம் கப்பல் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்ற கஸ்பாரும் நானும்.

நாங்கள் கேட்பது ஹார்டு பாப். தேவாலயப் பாட்டையும் சாராயக்கடைப் பாட்டையும் ஒரே அறையில் குடிவைத்தால் பிறக்கிற ஜாஸ். எங்கள் வேதப் புத்தகம் ஒரே ஒரு தட்டு: எல்வுட் பேக்ஸ்டர் என்ற சாக்ஸபோன்காரர், ஃபிலடெல்ஃபியாவில் கிரீன் லாட்ச் என்ற நிலவறைக் கிளப்பில், 1961 நவம்பர் 18 அன்று வாசித்தது. அந்தக் கிளப்பின் வரைபடம் கஸ்பார் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தட்டில் கேட்கும் சத்தங்களை வைத்து நாங்கள் ஐந்து பேரும் நான்கு வருடம் விவாதித்துப் பழைய காலண்டரின் பின்பக்கம் வரைந்தது. பியானோ இடது பக்கம், கல்லாப்பெட்டி மணி வலது பக்கம், கிரீச்சிடும் கழிப்பறைக் கதவு மேடைக்குப் பின்னால். எங்கள் தெருவுக்கு இவ்வளவு துல்லியமான வரைபடம் நகராட்சியிடமே கிடையாது.

தட்டின் இரண்டாம் பக்கத்தில், இரண்டாம் பாட்டில், பாஸ் வாசிக்கும்போது ஒருவர் இருமுகிறார். அந்த இருமல் கஸ்பாருடையது. அன்று அவர் அங்கே இருந்தார். எங்களில் கிளப்புக்குப் போனவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வரைந்தவர்கள்.

இன்று ஒரு செய்தி. டென்மார்க்கில் ஒரு சின்னக் கம்பெனி அந்தத் தட்டை மறுபடி வெளியிடுகிறதாம். அந்த இரவில் கிளப்பில் இருந்தவர்கள் தங்கள் நினைவை எழுதி ஆகஸ்ட் 31-க்குள் அனுப்பினால் கூடவே வரும் சிறு புத்தகத்தில் அச்சிடுவார்களாம். பெர்த்தில் இருக்கும் கஸ்பாரின் மகள் அதைக் கண்டுபிடித்து அனுப்பியிருக்கிறாள்.

"நீருதான் வே எழுதணும்," என்றார் கஸ்பார். "எனக்கு இங்கிலீஷ் பேச வரும். எழுதுனா இன்ஜின் ரிப்போர்ட் மாதிரி இருக்கும்."

ஒப்புக்கொண்டேன்.

2 ஜூலை, திங்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை.

4 ஜூலை, புதன்

பெங்களூரிலிருந்து என் மனைவி ஆவுடை பேசினாள். புதன்கிழமைதோறும் பேசுவாள். பேரன் பிறந்தபோது ஒத்தாசைக்கென்று இரண்டு மாதத்துக்குப் போனாள். அவன் இப்போது இரண்டாம் வகுப்பு.

சாம்பார் பொடி தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். அவள் எழுதிவைத்துவிட்டுப் போன செய்முறைத் தாளைப் பார்த்து நானே அரைத்துக்கொள்கிறேன் என்றேன். அதில் மூன்று எழுத்துப் பிழை இருந்ததையும், திருத்தி அடுக்களைச் சுவரில் ஒட்டியிருப்பதையும் சொன்னேன். வைத்துவிட்டாள். மறுமுனையில் குக்கர் சத்தம் கேட்டது. அவசர வேலை இருந்திருக்கும்.

8 ஜூலை, ஞாயிறு

கஸ்பார் நினைவைச் சொல்லச் சொல்லக் குறிப்பெடுத்தேன். விதியை மீறக் கூடாது என்பதால் ஐந்து பாஸ் சோலோ, அதாவது ஐந்து தனி வாசிப்பு, தேவைப்பட்டது.

பலமுறை கேட்ட கதைதான். தூணுக்குப் பக்கத்து மேசை. ட்ரம்ஸ் வாசித்த டிங்கி ப்ரூவர் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வாசித்தது. ட்ரம்பெட்காரர் கார்னல் பிக்ஸ், தன் முறை முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கிவந்து கஸ்பாரிடம் தீப்பெட்டி கேட்டது.

"கேட்டான். குடுத்தேன். திருப்பித் தரல்ல," என்றார் கஸ்பார். "இன்னைக்கும் அவன் ட்ரம்பெட்டக் கேட்டா எனக்கு என் தீப்பெட்டி ஞாபகந்தான் வருது வே."

"இருமல்?"

"சளி. அந்த ஊர்க் குளிரு உமக்குத் தெரியாது. அடக்கி அடக்கிப் பாத்தேன். பாஸ்காரன் என்னையப் பாத்துச் சிரிச்சான்."

அவர் சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். நானும் மூடிக்கொள்வதுண்டு. இன்று எழுத வேண்டியிருந்ததால் மூடவில்லை.

கிளம்பும்போது கப்பலின் பெயருக்கு எழுத்துக்கூட்டல் கேட்டேன். பீரோவைத் திறந்து தன் பணிப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கப்பல்காரர் ஒவ்வொருவருக்கும் அரசாங்கம் தருவது. எந்தக் கப்பலில், எந்தத் துறைமுகத்தில், எந்தத் தேதியில் ஏறினார், இறங்கினார் என்று முத்திரையோடு இருக்கும். "எல்லாம் இதுல கெடக்கு, பாத்துக்கிடும்," என்றார்.

மக்ரூன் கொடுத்தார். முந்திரியும் சர்க்கரையும்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். முட்டையின் வெள்ளைக் கருவும் சேரும் என்கிறார்கள். நான் சைவம். இந்த ஒரு விஷயத்தை இருபத்தாறு வருடமாக ஒப்புநோக்கவில்லை.

10 ஜூலை, செவ்வாய்

ஒப்புநோக்கினேன்.

2 செப்டம்பர் 1961 கல்கத்தாவில் ஏறியிருக்கிறார். 30 ஜனவரி 1962 கல்கத்தாவில் இறங்கியிருக்கிறார். பயண வகை: உள்நாட்டுக் கரையோரம். அந்தக் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து நிலக்கரி கொண்டுவந்து, இங்கிருந்து உப்பு ஏற்றிப் போனவை. எல்வுட் பேக்ஸ்டர் கிரீன் லாட்சில் வாசித்த இரவில் கஸ்பார் மோத்தா வங்காள விரிகுடாவில் எங்கோ இருந்தார். முதல் வெளிநாட்டுப் பயணம் 1963 மார்ச்சில். கிரீன் லாட்ச் 1962-லேயே மூடப்பட்டுவிட்டது என்று டென்மார்க் கடிதம் சொல்கிறது.

தேதிகளை மூன்று முறை சரிபார்த்தேன். முத்திரை தெளிவாக இருக்கிறது. எழுந்து இரண்டு சுற்று நடந்தேன். வேலையில் இருந்தபோது ஒரு பத்திரத்தில் கிழக்கு எல்லையும் மேற்கு எல்லையும் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்த நாளில் இருந்த அதே உற்சாகம். அன்று மொத்த அலுவலகமும் என் மேசையைச் சுற்றி நின்றது.

இன்று வீட்டில் யாரும் இல்லாததால் காப்பி போட்டுக் குடித்தேன்.

15 ஜூலை, ஞாயிறு

சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். பியானோ எந்தச் சுவரை ஒட்டி இருந்தது என்று பேசினோம்.

18 ஜூலை, புதன்

யோசித்துப் பார்த்தால் சொல்லாமல் இருப்பதுதான் தவறு. பொய் அச்சில் வந்தால் உலகத்தில் எங்காவது என்னைப் போல ஒருவர் இருப்பார். அவர் கண்டுபிடித்துக் கேலி செய்வார். அதற்கு முன் நான் சொல்வது நட்பு. இப்படித்தான் ஆவுடையிடமும் சொன்னேன். "அவரு உங்ககிட்ட கேட்டாரா?" என்றாள். கேட்கவில்லை என்றேன்.

22 ஜூலை, ஞாயிறு

சொன்னேன்.

முதல் தட்டின் முதல் பாஸ் சோலோ. ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஓடக்கூடியது. எனக்கு நாற்பது விநாடி போதுமானதாக இருந்தது. புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டி, "நவம்பர் பதினெட்டாந் தேதி நீரு உப்புக் கப்பல்ல இருந்தீரு," என்றேன். கிளப் மூடின தேதியையும் சொன்னேன்.

கஸ்பார் பக்கத்தைப் பார்த்தார். மிச்சம் ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தது. பிறகு ட்ரம்ஸ் வந்துவிட்டது, பேச முடியாது. அடுத்த பாட்டில் பாஸ் சோலோ வந்தது, பேசவில்லை. தட்டைத் திருப்பிப் போட்டார். அங்கே இரண்டு பாஸ் சோலோ. இரண்டையும் நாங்கள் முழுதாகக் கேட்டோம். இருபத்தாறு வருடத்தில் முதல் முறை. நல்ல வாசிப்பு, இதுவரை கவனித்ததில்லை.

தட்டை உறையில் போட்டுவிட்டு, "டீ குடிச்சிட்டுப் போவும்," என்றார். குடித்துவிட்டு வந்தேன். புத்தகம் மறதியில் என் பையிலேயே வந்துவிட்டது.

29 ஜூலை, ஞாயிறு

நான்கு மணிக்குப் போனேன். கேட் உள்ளே பூட்டியிருந்தது. அழைப்பு மணியை இரண்டு முறை அடித்தேன். பனிமய மாதா திருவிழாக் காலம், கோயிலுக்குப் போயிருப்பார்.

உள்ளே பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போக முடியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

1 ஆகஸ்ட், புதன்

ஆவுடையிடம் நடந்ததைச் சொன்னேன்.

"கஸ்பார் அண்ணாச்சிகிட்ட அப்படி என்ன சொன்னிய?"

"உள்ளதைத்தான்."

"உள்ளதைத்தான் சொல்லியிருப்பிய. இத்தன வருசத்துல நீங்க சொன்னது ஒண்ணு தப்பா இருந்ததில்ல," என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவள் என்னைப் பாராட்டியது இதுவே முதல் தடவை. தேதி குறித்துக்கொண்டேன்.

5 ஆகஸ்ட், ஞாயிறு

திருவிழா. மழவராயன் என்கிற பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார் என்பதற்காகக் கோயில் பக்கம் போனேன். கூட்டத்தில் கஸ்பார் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, சொந்தக்காரர்கள் சூழ நின்றார். யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் பேசுகிற கஸ்பாரை நான் பார்த்ததில்லை. பேசக் கூடியவர்தான் போலிருக்கிறது.

என்னைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். மழவராயனிடம் தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

12 ஆகஸ்ட், ஞாயிறு

என்னிடம் பதினான்கு தட்டுகள் உண்டு. எல்லாம் கஸ்பார் வீட்டில். பிளேயர் நான் வாங்கவே இல்லை. அவர் வீட்டில் ஒன்று இருக்கும்போது இரண்டாவது எதற்கு என்பது அப்போது சரியான கணக்காகத் தெரிந்தது.

நான்கு மணி முதல் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

16 ஆகஸ்ட், வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். கொடுத்துவிட்டு, ஹார்டு பாப்பில் ட்ரம்ஸ்காரரின் இடது கை செய்யும் வேலையைப் பற்றிச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார். ரெகுலேட்டரில் லீக் ஏதும் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். அடுத்த சிலிண்டருக்கு எப்போது பதியலாம் என்று விசாரித்துக்கொண்டேன். முப்பது நாள் ஆகுமாம்.

19 ஆகஸ்ட், ஞாயிறு

குழாயில் தண்ணீர் வந்தது. தொட்டி, குடங்கள், அண்டா எல்லாம் நிரப்பினேன். ஒரு ஆளுக்கு அதிகம்.

26 ஆகஸ்ட், ஞாயிறு

மருந்துக் கடைக்குப் போகிற வழியில் கஸ்பார் தெரு. மருந்துக் கடை எதிர்த்திசையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

மாடி ஜன்னல் திறந்திருந்தது. பேக்ஸ்டர் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு பூட்டிய பலசரக்குக் கடையின் ஓரத்தில் நின்றேன். இரண்டாம் பக்கம், இரண்டாம் பாட்டு. பாஸ் சோலோ வந்தது. தெருவில் ஸ்கூட்டர்கள் போனதால் இருமல் எனக்குக் கேட்கவில்லை. மேலே யாரும் பேசவில்லை என்பது மட்டும் கேட்டது.

கடைக்காரர் வந்து பூட்டைத் திறந்தபடி, யார் வீட்டுக்கு என்று கேட்டார். சும்மா நிற்கிறேன் என்றேன். உட்கார ஸ்டூல் போட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டு முடியும்வரை நின்றேன். அழைப்பு மணியை அடிக்கவில்லை.

31 ஆகஸ்ட், வெள்ளி

டென்மார்க்குக்கு அனுப்பக் கடைசி நாள். எதுவும் அனுப்பவில்லை.

4 செப்டம்பர், செவ்வாய்

பதினோரு மணிக்குக் கதவைத் தட்டுகிற சத்தம். கஸ்பார். இந்த வீட்டுக்கு அவர் வந்தது இதுவே முதல் தடவை. வழி விசாரித்து வந்தாராம். நாற்காலியில் இருந்த பழைய பேப்பரை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னேன். சுவரையெல்லாம் பார்த்தார்.

"என் புஸ்தகம் உம்மகிட்ட கெடக்கு," என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். பையில் வைத்துக்கொண்டார். எழவில்லை.

"அந்த ஞாயித்துக்கெழம தெருவுல நின்னீரு. மேலேயிருந்து பாத்தேன்."

மருந்துக் கடைக்கு என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"நானும் அப்படி நின்னிருக்கேன் வே. அதச் சொல்லத்தான் வந்தேன்."

இசைத்தட்டு ஏதும் ஓடவில்லை. எவ்வளவு நேரம் பேசலாம் என்று இருவருக்குமே தெரியவில்லை. முதலில் தயங்கி, பிறகு சொன்னார்.

அந்தத் தட்டை அவர் 1963-ல் லிவர்பூலில் ஒரு பழைய தட்டுக்கடையில் வாங்கினார். கப்பலில் பிளேயர் இல்லை. ஏழு மாதம் கேட்காமலேயே வைத்திருந்தார். இன்ஜின் அறையில் வேலை முடிந்து வந்து படுக்கையில் உட்கார்ந்து அட்டையை மட்டும் வாசிப்பார். யார் எந்த வாத்தியம், எந்தத் தெரு, எந்த எண். கப்பலில் அவரோடு பேச ஆள் இல்லை. மற்ற இன்ஜினியர்கள் கிரேக்கர்கள். 1964 பிப்ரவரியில் கப்பல் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனது. ஒரு நாள் அனுமதி கிடைத்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கலாம் என்று நடந்தே போனார்.

"போனா லாண்டரி."

"என்னது?"

"லாண்டரி வே. துணி வெளுக்குத கடை. படி எறங்கிப் போனா வரிசையா கோட்டு தொங்குது. உள்ள இருந்தவன் துணி எடுக்க வந்தியான்னு கேட்டான். ஆமான்னுட்டேன். வேற என்னத்தச் சொல்ல? ரசீதக் கேட்டான். தொலஞ்சு போச்சுன்னேன். என்ன கலர் கோட்டுன்னு கேட்டு அவனும் பாவம் தேடுதான்."

நான் சிரிக்கவில்லை. அவர் சிரித்தார்.

"மேல வந்து எதிர்ச் சாரியில நின்னேன். மழை. தட்டச் சட்டைக்குள்ள வச்சிக்கிட்டு ஒரு மணிக்கூறு நின்னேன். யாரும் வரல்ல. சளி பிடிச்சது அங்கதான். ஊரு வந்து சேர மட்டும் இருமுனேன். பொறகு வீட்ல பிளேயர் வாங்கி, முதல் தடவையா அதப் போட்டுக் கேக்கேன், ஒருத்தன் இருமுதான். என் இருமல் மாதிரியே இருக்கு."

பையிலிருந்த புத்தகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இருமுனது நெசம். எடம் நெசம். வருசந்தான் வே தப்பு."

நகலில் மூன்றுக்கு ஒன்று தவறாக இருந்தால் நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் சொன்ன கதைகளிலேயே இதுதான் நல்ல கதை என்று சொன்னேன். அதையே எழுதி அனுப்பலாமா என்று கேட்டேன்.

"உள்ள இருந்தவன் நெனப்பத்தான அவன் கேக்கான்? வெளிய நின்னவன் எதுக்கு?" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உள்ள இருந்ததா எழுதுமேன். உமக்குப் பிடிக்காதுதான். இருந்தாலும் எழுதும். அனுப்பிருவோம்," என்றார்.

கடைசித் தேதி வெள்ளிக்கிழமையோடு போய்விட்டது. அவர் நாளைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. சுவரில் காலண்டர் அவர் தலைக்கு நேர் மேலே தொங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளைத் தாள் எடுத்து, பேனாவில் மை நிரப்பி, மேசையை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

தூணுக்குப் பக்கத்து மேசை என்று எழுதினேன். டிங்கி ப்ரூவரின் சட்டையை எழுதினேன். தீப்பெட்டியை எழுதினேன். எதையும் சரிபார்க்கவில்லை. நடுவில் அவருக்குப் பசித்தது; தோசை வார்த்துக் கொடுத்தேன். சட்னியில் உப்பு இல்லை என்றார். ஒத்துக்கொண்டேன்.

"தனியாவா போனீருன்னு கேப்பாங்க," என்றேன்.

"தனியா யாரு போவா? நீரு கூட வந்தீரு."

1961 நவம்பரில் நான் பாளையங்கோட்டையில் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தேன். சான்றிதழ் பெட்டியில் இருக்கிறது.

"எனக்கு என்ன வாங்கிக் குடுத்தீரு?"

"ஆரஞ்சு ஜூஸு. வேற எதக் குடிப்பீரு நீரு? அந்த சர்வர்காரி உம்மையப் பாத்துச் சிரிச்சா. நீரு மெனு அட்டையில தப்புக் கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்தீரு."

அதையும் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் வாசிப்பு முடிந்து விளக்குப் போட்டார்கள். எல்லோரும் எழுந்து கோட்டு மாட்டினார்கள். நாங்கள் இருவரும் படியேறித் தெருவுக்கு வந்தோம்.

பேனாவை நிறுத்தி, வெளியே மழையா என்று கேட்டேன்.

கஸ்பார் கண்ணை மூடி யோசித்தார்.

"இல்ல வே. சொட்டு மழ இல்ல. கப்பல் வரைக்கும் பேசிக்கிட்டே நடந்துதான் போனோம்."

மழை இல்லை என்று எழுதினேன்.